எவர் கையெழுத்து?

40 லட்ச ரூபாய்வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற சலுகை, சரக்கை மாநிலத்துக்குள் விற்பவருக்கே. கோவையிலிருந்து ஆன்லைனில் பெங்களூருக்கு ஒரு பாக்கெட் பருப்புப்பொடி விற்றாலும் பதிவு கட்டாயம்.

தொழில் நடக்கும் இடம் எது என்று படிவம் கேட்டது. என் அடுப்படிதான். ஆனால் வீட்டுவரி ரசீது மாமனார் பெயரில். அவருடைய சம்மதக் கடிதம் வேண்டுமாம். இதே அடுப்படியில் 20 வருடம் வடித்துக் கொட்டியபோது எவரும் சம்மதக் கடிதம் கேட்கவில்லை.

அம்மா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமென்றால், அது அண்ணன் பெயரில். 1989 சட்டம் தந்த என் பங்கை, 'அதான் சீர் செய்தாயிற்றே' என்று விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள்.

ஆக, நான் தேர்ந்தெடுக்க முடிவது ஒன்றுதான்: எந்த ஆணிடம் கையெழுத்துக் கேட்பது. குடியிருப்பவளின் அடையாளச் சான்றே போதும் என்று விதியை மாற்றுங்கள். தோழிகளே, நீங்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.