ஊராட்சித் தேர்தலை நடத்து! ஊர்ப் பணத்தை விடு!

சாத்தான்குளம் வட்டார மக்களே!

குடிதண்ணீர்க் குழாய் உடைஞ்சா, தெருவிளக்கு எரியலைன்னா நாம முதல்ல தேடிப் போறது ஊராட்சித் தலைவரைத்தான். 2019 டிசம்பரில் நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.

இழப்பு யாருக்கு? தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் 15-வது நிதி ஆணைய மானியத்தை மத்திய அரசு விடுவிக்கும். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உரியது. தேரிக்காட்டு ஓர ஊர்களுக்கு இது சின்ன விஷயமா? இந்த ஆணையத்தின் காலமோ 2026 மார்ச் 31 வரைதான்.

மத்திய அரசு தருவது தானம் இல்லை, நம்ம வரிப்பணம். நிபந்தனை காட்டி அதை நிறுத்துவதும் நியாயமில்லை. மாநில அரசு தேர்தலைத் தள்ளிப்போடுவதும் நியாயமில்லை. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்தச் சொல்கிறது அரசியல் சாசனம்.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்குக் குடும்பத்தோட வாங்க. எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்னதுன்னு கணக்குக் கேளுங்க. தேர்தல் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்க.

நம்ம ஊர், நம்ம பணம், நம்ம உரிமை!

#சாத்தான்குளம் #ஊராட்சித்தேர்தல்