13 அடிச் சுவரும் 500 ரூபாய்ச் சாவியும்

2018 மார்ச்சில் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வாதிட்ட அரசுத் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால், மக்களின் தரவுகள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக உள்ளன என்றார். அதே ஆண்டு ஜனவரியில் ‘தி டிரிபியூன்’ நாளிதழின் செய்தியாளர் 500 ரூபாய் கொடுத்து ஒரு நுழைவுப்பெயரும் கடவுச்சொல்லும் பெற்றிருந்தார். ஆதார் எண்ணை இட்டால் அவ்வெண்ணுக்குரியவரின் பெயர், முகவரி, ஒளிப்படம், தொலைபேசி எண் யாவும் திரையில் தோன்றின. சுவர் அப்படியேதான் இருந்தது. எவரும் அதில் ஏறவில்லை.

ஆணையம் அளித்த மறுப்பு இன்னும் கவனத்துக்குரியது. தரவு கசியவில்லை, குறைதீர்ப்புக்காகக் குறிப்பிட்ட அலுவலர்களுக்கு அளித்த தேடல் வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டது, கைரேகையும் கருவிழிப் பதிவும் பத்திரம் என்றது அது. இம்மறுப்பே ஒப்புதல் வாக்குமூலம். ஓர் ஊரின் முகவரிப் பிழையைத் திருத்தும் அலுவலருக்கு நாடு முழுவதன் முகவரிகளும் ஏன் தெரிய வேண்டும்?

உறவுநிலைத் தரவுத்தளத்தில் பயனர் குழுக்களை உருவாக்குவது இக்கேள்விக்கு விடை சொல்லவே. உரிமை ஆளுக்கு அன்று, பணிக்கு உரியது. குறைதீர்ப்போர் ஒரு குழு, பதிவு செய்வோர் மற்றொரு குழு, தணிக்கையாளர் வேறொரு குழு. எந்த அட்டவணை, எந்த நெடுவரிசை, படிக்க மட்டுமா, திருத்தவுமா என்பதைக் குழுவுக்கு வரையறுத்தால், ஆள் மாறும்போது குழுவிலிருந்து பெயரை நீக்குவதே போதும். இது புதிய ஞானமும் அன்று. ஐபிஎம் ஆய்வகத்தின் ‘சிஸ்டம் ஆர்’ திட்டத்துக்காக கிரிஃபித்ஸ், வேட் இருவரும் 1976இலேயே உரிமை வழங்கலையும் மீட்டலையும் முறைப்படுத்தினர். ஒருவரின் உரிமையை மீட்டால், அவர் வழியாக மட்டுமே பிறர் பெற்ற உரிமைகளும் தொடராக நீங்கும். ஆனால் கைமாறிய கடவுச்சொல் அத்தொடரில் இடம்பெறாது. தரவுத்தளத்துக்குக் கணக்குத்தான் தெரியும். அதன் பின்னுள்ள முகம் தெரியாது.

ஆணையத்தின் தொழில்நுட்ப மையம் இயங்கும் பெங்களூரிலேயே 2017 ஆகஸ்டில் ஒரு மென்பொறியாளர் கைதானார். அவருடைய கைப்பேசிச் செயலி, அரசின் ‘இ-ஹாஸ்பிட்டல்’ அமைப்புக்கு இருந்த அனுமதியின் வழியே ஆதார் விவரங்களைப் பெற்றது என்பது குற்றச்சாட்டு. அங்கும் கேள்வி ஒன்றே: மருத்துவமனைக்கு அளித்த உரிமையை வேறொருவர் கையாளும்போது, கேட்பவர் யாரென்று அமைப்பு ஏன் வினவவில்லை?

டிரிபியூன் செய்தியை அடுத்து ஆணையத்தின் புகாரின்பேரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. பூட்டு பழுதென்று சொன்னவரைத் திருடனாக்குவது நிர்வாகம் ஆகாது.

கல்வியுலகம் இதை அரசின் குறையென்று ஒதுக்கிவிட இயலாது. கள ஆய்வில் திரட்டிய ஒலிப்பதிவுகளும், தகவலாளிகளின் பெயர், சாதி, ஊர் விவரங்களும் துறைக் கணினியில் ஒரே ‘அட்மின்’ கணக்கின்கீழ்க் கிடக்க, அக்கடவுச்சொல் ஆய்வுத் தலைமுறைகளைத் தாண்டிக் கைமாறுவது வழக்கமானால், நெறிக்குழுவின் முன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்துக்குப் பொருள் என்ன? பெயர்களைக் காண்போர் ஒரு குழு, பெயர் நீக்கிய பனுவலை மட்டும் காண்போர் மற்றொரு குழு எனப் பிரிப்பதற்குச் சில கட்டளைகளே போதும். ஒக்கலிபுரத்து மூதாட்டி தன் பேச்சைப் பதிவு செய்ய இசைந்தது ஓர் ஆய்வாளரிடம். அத்துறையின் கடவுச்சொல் அறிந்த அனைவரிடமும் அன்று.