பதினோராம் மணிக் கூலி

மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ஒரு கதையுண்டு. திராட்சைத் தோட்டத்து எஜமான் விடியற்காலை தொட்டுப் பதினோராம் மணி வரையில் ஐந்து தடவை ஆள் பிடிக்கிறான். அக்காலத்துப் பகல், உதயம் முதல் அஸ்தமனம் வரை பன்னிரண்டு மணி. ஆகவே பதினோராம் மணியென்பது நமக்கு மாலை ஐந்து. பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே பணம். நாள் முழுதும் காய்ந்தவன் முறையிட்டால், என் காசு என் இஷ்டம் என்கிறான் எஜமான். பகல் என்பது ஆயுள், கூலி என்பது மோட்சம், வேளையைக் குறிப்பவர் கர்த்தர் என்று பாதிரிமார் வியாக்கியானம் செய்வார்கள்.

தோழர்களே! இரும்பைக்கு வடக்கே மரக்காணம் உப்பளத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் பாத்தியில் இறங்குகிறவனுக்குப் பகல் என்பது எதற்கும் அடையாளமல்ல. காலை வேகவைக்கும் சூடு.

கடைசியில் வந்தவனுக்கு முழுக்கூலி கொடுத்தது தப்பென்று நாம் சொல்லவில்லை. அவன் சோம்பேறியல்ல, யாரும் கூப்பிடாததால் நின்றவன். அவன் வயிற்றுக்கும் முழுநாள் பசிதானே! ஆனால் அது எஜமானின் தயவாயிருப்பானேன்? எட்டு மணி வேலை கேட்டு 1886இல் சிக்காகோவில் கிளர்ச்சி செய்தவர்கள் மனிதர்கள். 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் மனிதர்தான். மழைக்காலத்தில் வேலையற்று நிற்கும் உப்பளத் தொழிலாளிக்குத் தமிழ்நாடு அரசாங்கம் 2022இல் ரூ.5,000 நிவாரணம் கொடுக்கத் தொடங்கிற்று. இது போதுமா என்று அவன் கேட்கலாம். என் காசு என் இஷ்டம் என்று எந்த மந்திரியும் பதில் சொல்ல முடியாது.