கருணாபுரத்துக்கு ஓர் உபந்நியாசம்

ஸ்வயம் தளத்தில் ஜூலைப் பருவத்துப் பாடங்களுக்குப் பெயர் பதிந்துகொள்ளலாம் என்று உள்பக்கத்தில் நாலு வரியாக வந்த செய்தி, இந்த வாரம் எனக்கு அளித்த சந்தோஷத்தைப் பத்திரிகைகளின் முதற் பக்கம் அளிக்கவில்லை. 2003-ஆம் ஆண்டிலேயே ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற ஏற்பாட்டினாலும், 2017 ஜூலையில் மத்திய அரசு திறந்த இந்த ஸ்வயம் தளத்தினாலும், கடுமையான நுழைவுத் தேர்வில் தேறிய சிலர் மாத்திரமே கேட்கக் கூடியவையாய் இருந்த பிரசங்கங்களை, கையில் ஒரு போன் உள்ள எவரும் இருந்த இடத்திலிருந்தே காசில்லாமல் கேட்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோருக்குத்தான் கட்டணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. சர்வகலாசாலை தன் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது முதல், பருவநிலை, பஞ்சம், அகதிகள், கொள்ளை நோய் என்று மனித குலத்தை வாட்டும் விஷயங்கள் ஒவ்வொன்றையும் பற்றி, அதில் ஆயுளைச் செலவிட்ட பேராசிரியர்களே நம்மோடு பேச முன்வந்திருக்கிறார்கள். வித்யா தானத்தை இதற்கு மேல் எவ்வாறு செய்வது?

இந்தச் சந்தோஷத்தோடு இருந்தபோதுதான், பாராமெடிக்கல் படிக்கும் அண்டை வீட்டுப் பெண் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மெத்தனால் விஷத்தைப் பற்றி இங்கிலீஷில் செய்த பிரசங்கம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, பாதி புரியுது. கண்ணு ஏன் போவுதுன்னு மட்டும் புரியல" என்றாள்.

இது ஜூன் மாதம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் எங்கள் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 65-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. ஆகையால் அந்தப் பெண்ணின் கேள்வி பாடத்தில் எழுந்த சந்தேகம் மாத்திரம் அல்ல.

பிரசங்கத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திக் கேட்டு, எனக்கு விளங்கியதை அவளுக்குச் சொன்னேன். மெத்தனால் உள்ளே போனவுடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலந்தான், உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்திக்கொள்ளும் சக்தியை முடக்கிவிடுகிறது. பிராணவாயு குறைந்தால் பொறுக்க மாட்டாத பார்வை நரம்பு அதனால் முதலிலேயே அடிபடுகிறது. இவ்வளவும் நடக்கப் பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகிறது. சாதாரணச் சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதிக்கும். அந்த இடைவேளையில் குடித்தவன் எழுந்து நடமாடுகிறான், சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். கருணாபுரத்தில், ஆரம்பத்தில் இறந்தவர்களின் சாவுக்குச் சாராயம் காரணம் அல்ல என்று சொல்லப்பட்டதையும், அதைக் கேட்டு மற்றவர்கள் அஞ்சாமல் இருந்துவிட்டதையும், இந்த இடைவேளையோடு சேர்த்து எண்ணும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

செக் நாட்டில் 2012-இல் இதே விஷம் பரவியபோது, கடும் மதுவகைகளின் விற்பனையையே அரசு சில நாள் நிறுத்திவைத்தது. ஈரானில் 2020-இல் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். லாவோஸில் 2024 நவம்பரில் உல்லாசப் பயணிகள் மாண்டார்கள். பண்ருட்டி, அஸ்ஸாம், குஜராத், மரக்காணம் என்று நம் நாட்டுப் பட்டியலோ நீண்டது. ஆக, உலகப் பிரச்சினைகளைப் பற்றிய ஒரு பாடத்தில் எங்கள் தெருவுக்கு இடமுண்டு. அந்தத் தெருவில் இருப்பவர்கள் புரிந்துகொள்ளக் கூடிய பாஷையில்தான் பாடம் இல்லை.

தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பற்றி இந்த இடத்தில் எழுதாமல் இருக்க முடியாது. சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946-இல் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், தேசம் சுதந்திரமடைந்த நாட்களை ஒட்டி, உலக அறிவு அனைத்தையும் தமிழில் தொகுத்துத் தருவது என்ற மகத்தான சங்கற்பத்தைச் செய்துகொண்டது. அப்பணிக்கு முதன்மை ஆசிரியராக வாய்த்தவர் பெரியசாமித் தூரன்: பகத் சிங் தூக்கிலிடப்பட்ட 1931-இல் மனம் கொதித்துப் பட்டப் பரீட்சையை எழுத மறுத்தவர், கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர், இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கீர்த்தனங்களை இயற்றியவர். முதல் தொகுதி 1954-இல் வந்தது, ஒன்பதாவது 1963-இல், பத்தாவது 1968-இல். அத்துடன் ஓய்ந்துவிடாமல் குழந்தைகளுக்கென்று மற்றொரு பத்துத் தொகுதிகளையும் 1976-க்குள் அவர் முடித்துக் கொடுத்தார். பௌதிகமும் பூகோளமும் வைத்தியமும் அரசியலும் அந்தந்தத் துறையில் வல்லவர்களாலேயே எழுதப்பட்டு, அந்த எழுத்து சாமானிய வாசகனுக்கு விளங்கும் வரை ஆசிரியர் குழுவினால் பக்குவம் செய்யப்பட்டு வெளிவந்தது என்பதை நினைக்கையில், அக்காலத்தார் நம்மேல் வைத்திருந்த மதிப்பு எத்தகையது என்று வியக்கிறேன். தமிழ் மட்டும் அறிந்த ஒருவனுக்கு உலகத்தில் எந்த விஷயமும் விலக்கப்பட்டதல்ல என்பதை அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

அந்தத் தொகுதிகள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பெண்ணின் போனிலேயே திறந்து, கண் என்ற தலைப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கியவள், பழைய அச்சில் கொம்பு வளைத்து நிற்கும் 'லை'யிலும் 'னை'யிலும் முதலில் சற்றுத் தடுக்கினாள். இரண்டு பத்தி தாண்டியதும் எழுத்து வசப்பட்டுவிட்டது. அதன்பின் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தானே படித்துக்கொண்டு போனாள்.

1968-க்குப் பிறகு விஞ்ஞானம் வெகுதூரம் சென்றுவிட்டது என்பதை மறுப்பாரில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பின்னர் வாழ்வியற் களஞ்சியத்தையும் அறிவியல் களஞ்சியத்தையும் வெளியிட்டது, என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவும் தமிழில் கிடைக்கின்றன. இவை போதா. என் அபிப்பிராயத்தில் நமக்கு இப்போது வேண்டியது, அயல் நாட்டுப் பிரசங்கத்தைத் தமிழாக்குவது கூட அன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியிலும், சேலத்திலும், முண்டியம்பாக்கத்திலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இரவு பகலாக நின்று வைத்தியம் பார்த்த டாக்டர்களும் நர்ஸுகளும், உலகத்தில் எந்தச் சர்வகலாசாலைப் பேராசிரியருக்கும் குறையாத அனுபவத்தை அந்தச் சில நாட்களிலேயே பெற்றுவிட்டார்கள். எந்த நேரத்தில் வந்தவர் பிழைத்தார், எந்த நேரத்துக்கு மேல் டயாலிசிஸும் கைகொடுக்கவில்லை, கண் மங்குகிறது என்று நோயாளி எந்த வார்த்தைகளில் முறையிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தமிழில் அரைமணி நேரம் பேசட்டும். அதை இங்கிலீஷில் பெயர்த்துக் கேட்க வேண்டிய அவசியம் உலகத்துக்கு உண்டாகட்டும்.

அந்த உபந்நியாசம் படமாக மட்டும் இருந்தால் பிரயோஜனம் பாதிதான். எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய பல ஊர்களில் இன்றும் போனுக்கு சிக்னல் கிடைப்பது அரிது. ஆகவே கீழே சந்தைக்கு இறங்கி வருகிறவர்கள் ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு ஏற்றிக்கொண்டு போகக் கூடிய சிறிய ஒலிப்பதிவாகவும், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டத் தக்க ஒரே தாளாகவும் அது இருக்க வேண்டும். தாளின் தலைப்பில், குடித்தவர் இப்போது நன்றாக இருக்கிறார் என்பதை நம்பி வீட்டில் வைத்திருக்காமல், கண் மங்கும் வரை காத்திராமல், 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். கல்லீரலும் அமிலமும் அதற்குக் கீழே வரலாம்.