பின்பாரம் ஏறினால்...

புல்லட் மோட்டார் சைக்கிள் வருகிறது என்றால் தெருக்கோடியிலேயே சத்தம் கேட்கும்!

1955-ம் ஆண்டு சென்னையில் என்பீல்டு கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் உருவான அந்த வண்டியில் ஏறி, இன்று வாலிபர்கள் லடாக் வரை போகிறார்கள். அங்குள்ள கர்துங் லா கணவாய் 17 ஆயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால் துணிமணி வேண்டும். கூடாரம் வேண்டும். பெட்ரோல் டின் வேண்டும். கடையில் விற்கும் பெட்டிகள் விலை அதிகம். எனவே பக்கத்துப் பட்டறைக்குப் போகிறார்கள். இரும்புக் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, கேரியர் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைப் பழிக்கக் கூடாது. நல்ல கைவேலை அது. பட்டறைக்காரர் செய்த கேரியர், கடைச் சாமானைவிட அதிக நாள் உழைப்பதும் உண்டு.

ஆனால் பாரத்தை எங்கே ஏற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். மோட்டார் சைக்கிளும் அப்படியே. பின் அச்சுக்குப் பின்னால் உயரமாகப் பெட்டியைக் கட்டினால், முன்சக்கரம் லேசாகிவிடும். வேகமாகப் போகும்போது ஹேண்டில்பார் ஆடும். பாரம் தாழ்வாக, முன்தள்ளி, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பெட்ரோல் டின்னை மட்டும் சைலன்சர் இருக்கும் பக்கம் கட்டவே கூடாது.

புல்லட் அதிரும் வண்டி. அந்த அதிர்ச்சியில் நட்டு கழலும். மாட்டிய பிறகு 100 கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு, ஒருமுறை எல்லா நட்டையும் முடுக்க வேண்டும்.

அடுத்தது விளக்கு. அதிகப்படியாக 55 வாட் விளக்கு இரண்டு மாட்டினால், 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 9 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். ஹேண்டில்பாரில் உள்ள சிறிய சுவிட்சு அதைத் தாங்காது. ஒயர் சூடேறும். உறை உருகும். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி! பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்து, ரிலே வழியாக ஒயர் கொண்டு போக வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றுவது, திருடன் வருகிறான் என்று குரைத்த நாயை அடித்து விரட்டுவது போல.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பெட்டி மாட்ட இடைஞ்சல் என்று, பின்சக்கரத்தை மறைக்கும் சேலைக் காப்பைக் கழற்றி எறிகிறார்கள். சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. லடாக் போய் வந்த பிறகு, அதே வண்டியில்தானே மனைவியும் தாயும் கோவிலுக்குப் போகிறார்கள்? முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும்?

சட்டமும் கடுமையானது. கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

சட்டத்தை வெட்டி ஒட்டுபவனுக்கும், ஸ்பேனரால் கழற்றிவிடக் கூடிய கேரியரை மாட்டுபவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் சாதாரண மக்களுக்கு விளங்க வேண்டும். எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்று ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் படம் போட்டு, எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு விளக்க வேண்டும்.

பணம் கொடுத்துப் பெட்டி செய்து மாட்டிய பிறகு, நடுரோட்டில் நிறுத்திச் சட்டம் பேசி என்ன பயன்?