மருந்து மலையும் மணிபிளான்ட்டும்

மார்கழி பிறந்தால் எங்கள் திருவந்திபுரத்தில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, கல்யாணக் கூட்டம் காணாமல் போகும். முகூர்த்த நாளில் நாலு மாப்பிள்ளைகளுக்கு நடுவே நுழைந்துதான் தேவநாத சுவாமியை சேவிக்க முடியும். மார்கழியில் பிரம்மச்சாரிகள் வயிற்றெரிச்சல் இல்லாமல் கோயிலுக்குப் போகலாம். இரண்டாவது, ஊரே மங்கி கேப்புக்குள் போய்விடும்.

கடலூர்ப் பக்கம் இருபது டிகிரிக்குக் கீழே ரொம்ப இறங்காது. காஷ்மீர்க்காரன் வந்தால் சட்டையைக் கழற்றுவான். நம் ஆளோ காதில் பஞ்சும் கழுத்தில் மஃப்ளருமாக, "பனி சார், உடம்புக்கு ஆகாது" என்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், என் மச்சான் படுக்கிற வரைக்கும்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வயது இருபத்தாறு. கடலூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். எங்கள் வீட்டில்தான் ஜாகை. டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி. எலும்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி.

"டாக்டர்கிட்ட போலாம்டா."

"வேணாம் மாமா. ரெண்டு சி.எல்.தான் பாக்கி. ஆருத்ராவுக்கு ஃப்ரெண்ட்ஸோட சிதம்பரம் போகணும்."

நேரே மெடிக்கல் ஷாப். "காய்ச்சலுக்கு ஒரு செட் போடுங்கண்ணே." வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, இரண்டு கலரில் கேப்ஸ்யூல் ஒன்று. எதற்கும் பெயர் கிடையாது. ஓட்டலில் செட் தோசை வாங்கினால்கூட எத்தனை தோசை என்று கேட்கிறோம். மாத்திரை செட்டுக்குக் கேட்பதில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் காய்ச்சல் விட்டது. "பாத்தீங்களா மாமா, டாக்டர் ஃபீஸ் மிச்சம்" என்றான். பி.காம். படித்தவன் நான். மிச்சம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் குறுக்கே பேச மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். 'புது பிரஷ்' என்று ஆபீஸ் போய்விட்டான். பதினோரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், விடாமல் வாந்தி. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போய்த் தொட்டபோது கை கால் சில்லென்று இருந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"நேத்தே விட்டுருச்சு சார். சரியாயிட்டான்."

"சரியாகலைங்க. ஆபத்தே இப்பத்தான் ஆரம்பம்."

டெங்கு. அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் நடந்தது. டெங்குவில் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். பலருக்கு அதோடு முடிந்துவிடும். சிலருக்கு அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும், பிரஷர் விழும். இந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத சோர்வு, தவிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நாமோ காய்ச்சல் விட்ட அன்றைக்கே கணக்கை முடித்து வைக்கிறோம். ஆடிட்டர் அப்புறம்தான் வருகிறார்.

அந்த 'செட்' சமாசாரமும் தெரிந்தது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் வைரஸை ஒன்றும் செய்யாது.

இரண்டு ராத்திரி டிரிப்ஸ் ஏறியது. என் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. 'பெரியவர் நீங்க சொல்லியிருக்கலாமே' என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை. மூன்றாம் நாள் மச்சான் கண்ணைத் திறந்து, "அக்கா, இட்லி இருக்கா?" என்றான். அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சுகாதாரப் பணியாளர் அம்மா, கையில் டார்ச். மொட்டை மாடி, தேங்காய் ஓடு, துவைக்கிற கல் தொட்டி எல்லாம் பார்த்தார். கடைசியில் ஹாலில் என் மணிபிளான்ட் பாட்டிலில் வெளிச்சம் அடித்தார். உள்ளே கொசுப்புழுக்கள் டான்ஸ் ஆடின. மச்சான் தினமும் காலையில் காபி குடித்துப் பேப்பர் படிக்கிற நாற்காலி அதற்குப் பக்கத்தில்தான். வீட்டில் கடித்ததா, ஆபீஸில் கடித்ததா? கொசுவுக்கு வவுச்சர் கிடையாது. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று.

டெங்கு கொசு பகலில் கடிக்கிற ஜாதி. காலையிலும் அந்திக்கு முன்னாலும் ஜோர். நான் இத்தனை நாள் ராத்திரிக்கு மட்டும் கொசுவர்த்தி ஏற்றினேன். அதன் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தேய்க்கணும்.

யோசித்துப் பாருங்கள். நம் ஜில்லாவுக்கு டிசம்பர் என்றால் பனியா? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் நவம்பரிலிருந்தே வெள்ளம். நமக்குக் குளிர்காலம் என்றால் தண்ணீர்க்காலம். நாம் காதை மூடுகிறோம், தொட்டியைத் திறந்து வைக்கிறோம்.

வேண்டுதலுக்காக ஔஷதகிரிக்கு ஏறினோம். அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஐதீகம். படி எழுபத்து நாலுதான், மச்சான் நாலு இடத்தில் உட்கார்ந்தான். மருந்து மலை அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, மெடிக்கல் ஷாப்பில் பெயர் தெரியாத செட் வாங்கியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மணிபிளான்ட் வைத்தால் பணம் வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி பில்தான் வந்தது. இப்போது அது மண்தொட்டியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான்தான் தொட்டி தேய்க்கிறான். சும்மா சொல்லக்கூடாது, மூலை முடுக்கெல்லாம் விடாமல் தேய்க்கிறான்.

என்ன, மங்கி கேப் போட்டுக்கொண்டு.