வேலையை விடாமல் முதுநிலைப் படிப்பு

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னை எம்ஐடி-யில் விமானப் பொறியியல் படிக்க விரும்பியபோது, சேர்க்கைக்குத் தேவைப்பட்ட தொகை ஏறத்தாழ 1,000 ரூபாய். அவருடைய சகோதரி ஜொஹரா தன் நகைகளை அடகு வைத்து அதைத் திரட்டித் தந்தார். பல தலைமுறைகள் கடந்த பின்னும் அக்கடற்கரையில் உயர்கல்விக்கான முதல் கடன் பெரும்பாலும் நகைக்கடைப் படியேறித்தான் பெறப்படுகிறது.

இன்று அங்கே பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி உள்ளது. கீழக்கரையிலும் தனியார் பொறியியல் கல்லூரி உண்டு. இவர்களில் வேலைக்குச் சென்றுவிட்ட ஒருவர், கணினி அறிவியலில் எம்.டெக். படிக்க எண்ணினால் என்ன நேர்கிறது என்பதே கேள்வி.

முதல் வாயில் 'கேட்' தேர்வு. மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும் வினாக்களும் அதில் உண்டு. கல்லூரியை விட்டு நான்காண்டுகள் ஆனவருக்குத் தனிநிலைக் கணிதமும் தானியங்கிக் கோட்பாடும் பெரும்பாலும் மறந்திருக்கும். அவற்றை மீட்டெடுக்க இரவில் இரண்டு மணி நேரமே கிடைக்கும். ஆயினும் இத்தேர்வு பணியாளருக்கு முற்றிலும் பகையானது அன்று. வயது வரம்பில்லை, எத்தனை முறையும் எழுதலாம், மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். என்பிடெல் காணொலிகளை இலவசமாகப் பார்த்துப் படிக்கலாம். வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிப்பதைவிட, தேர்வை எழுதிவிட்டு வேலையைப் பற்றி முடிவெடுப்பதே விவேகம்.

உண்மையான தடை தேர்வுக்குப் பின்னரே வருகிறது. முழுநேர எம்.டெக். மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். இரண்டாண்டுகளுக்குக் கூட்டினால் 2,97,600 ரூபாய். ஆராய்ச்சி மாணவர்களுக்கான இளநிலை உதவித்தொகை 2023 ஜனவரியில் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதுநிலை மாணவரின் தொகையோ அப்படியே நிற்கிறது. ஊதியம் பெறும் பணியில் இருப்போருக்கு அதுவும் இல்லை. நிறுவனமே ஊதியத்துடன் அனுப்பிவைக்கும் இடங்கள் ஐஐடி-களில் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் எதுவும் அப்படி ஒருவரை அனுப்பப் போவதில்லை.

இதில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். ஐஐடி-களின் எம்.டெக். இடங்கள் பொது இணையதளம் வழியே ஒதுக்கப்படத் தொடங்குவதும் கோடையில்தான். படகுகள் கரையில் கட்டப்பட்டு, வீடு மகனின் அல்லது மகளின் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் அந்நாள்களில்தான், அந்தச் சம்பளத்தைத் துறப்பதா என்று சில தினங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் கிடைத்தும் போகாதவர்களை 'தகுதி இல்லாதோர்' பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

வழி இல்லாமலில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014-இல் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பை இணையவழியில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். தகுதியுள்ளோரைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு, கடுமையைப் பாடங்களிலும் தேர்வுகளிலும் வைத்தது. நம் நாட்டிலும் சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழி இளநிலைப் படிப்பு இவ்வழியையே பின்பற்றுகிறது: நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு, தேறியவர்களுக்கெல்லாம் இடம், வருமானத்துக்கேற்பக் கட்டணச் சலுகை. ஆனால் பணியில் இருப்போருக்கென ஐஐடி-கள் நடத்தும் இணையவழி முதுநிலைப் படிப்புகளின் கட்டணம் பல லட்சங்களைத் தொடுகிறது. பெருநகர மென்பொருள் நிறுவன ஊழியரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட கட்டணம் அது.

இளநிலையில் இயன்ற சலுகை முதுநிலையில் ஏன் இயலாது என்பதற்கு இதுவரை ஏற்கத்தக்க விளக்கம் தரப்படவில்லை. மத்திய அரசு 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் ராமநாதபுரத்தைச் சேர்த்தது. கல்வி அதன் அளவுகோல்களுள் ஒன்று. அப்பட்டியல் மாவட்டங்களில் பணிபுரிவோருக்கு இந்த இணையவழி எம்.டெக். கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதில் தொடங்கலாம். உறுப்புக் கல்லூரியின் ஆய்வகங்களை மாலையிலும் வார இறுதியிலும் அம்மாணவர்களுக்குத் திறந்துவிடுவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.